ஆள் வரும் நாளில் நனையும் சுவர்

நடு அறையின் நீளச் சுவரில், முழங்கால் உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஈரம். வீட்டை வாங்க நினைத்தவர்கள் பார்க்க வரும் நாளில் மட்டும் அது தோன்றியது.

அவர்கள் மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் ஈரம் இருந்தது. இடையில் நான் தனியாகப் போய்ப் பார்த்தபோதெல்லாம் சுவர் உலர்ந்து, பெயிண்ட் பொருக்குத் தட்டி, நகத்தால் கீறினால் மாவாக உதிர்ந்தது. மழைக்காலம் இல்லை. மேலே மாடி கிடையாது. சுவருக்கு இந்தப் பக்கம் நடு அறை, அந்தப் பக்கம் அப்பா கடைசி வரை படுத்திருந்த அறை. இரண்டிலும் தண்ணீர்க் குழாய் இல்லை. தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை டைல்ஸ் ஒட்டியிருந்தது. அதற்குச் சற்று மேலேதான் ஈரம். தரையிலிருந்து ஏறி வந்திருந்தால் டைல்ஸின் இடுக்குகளில் முதலில் தெரிந்திருக்கும். அங்கே சருகு போல உலர்ந்து கிடந்தது. யோசித்து யோசித்து எனக்குத் தலைவலிதான் வந்தது.

அண்ணனுக்குத் தலைவலி இல்லை. அவனிடம் விடை தயாராக இருந்தது.

"நீதான் ஊத்துற," என்றான். "சாவி உன்கிட்டயும் ஒண்ணு இருக்கு. விக்கக் கூடாதுன்னு ஆறு மாசம் மூக்கால அழுத. இப்ப விக்கச் சம்மதம்னு கையெழுத்தும் போட்டுட்டு, பின்னாடியே வந்து செம்புத் தண்ணி ஊத்துற."

ஆறு மாதம் வேண்டாம் என்றது உண்மை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் நானே குடியிருக்க நினைத்தேன். அண்ணனின் பங்கை வாங்க என்னால் ஆகாது என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். விட்டதை விட்டதாக எடுத்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை.

இந்தப் பழி என்னை ஏன் அப்படிக் குத்தியது என்பதற்கு என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு வீட்டுத் தரகரின் அலுவலகத்துக்காகப் பிரெஞ்சு பேசுகிறேன். எங்கள் பகுதியில் வீடு வாங்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். விற்கிறவர்களுக்கு அதில் ஒரு சொல்கூட வராது. நடுவில் நான். மாதச் சம்பளம் இல்லை, கூப்பிட்டால்தான் வேலை. கூப்பிடுகிற ஆள் அந்தத் தரகர் ஒருவர்தான். எங்கள் வீட்டை விற்றுத் தர எடுத்திருந்தவரும் அவரே.

வீடு காட்டுகிற பிரெஞ்சு கடினமானது இல்லை. ஐம்பது சொல் போதும். ஆனால் அந்த ஐம்பதும் அதனதன் இடத்தில் நிற்கவேண்டும். கை கழுவும் தொட்டி 'லவாபோ'. பாத்திரம் கழுவும் தொட்டி 'எவியே'. தேய்ந்து போனது 'யூஸே', கெட்டுப் போனது 'அபீமே'. பத்து வருடம் கை பட்டு மழுங்கிய கதவுப் பிடி யூஸே. அதற்காக யாரும் விலையைக் குறைக்கச் சொல்வதில்லை. பிடியின் திருகு கழன்று கையோடு வந்தால் அபீமே. அதைச் சொல்லாமல் மறைத்தால் வாங்குகிறவர் மற்ற எதையும் நம்ப மாட்டார். வீட்டோடு இருக்கப் போகிற பொருளைக் காட்டி 'ஸா ரெஸ்த்' என்பேன், இது இருக்கும். விற்கிறவர் கொண்டுபோகப் போகிற பொருளைக் காட்டி 'ஓன் லாம்போர்த்', இதை எடுத்துப் போகிறோம். இந்த இரண்டையும் ஒவ்வொரு பொருளுக்கும் சலிக்காமல் சொல்லிவிட்டால் பாதிச் சண்டை வராது. சொல்லாமல் விட்டால், சாவி கைமாறிய அன்று மின்விசிறி இருந்த இடத்தில் இரண்டு ஒயர் தொங்கும், வாங்கியவர் தொலைபேசியில் கத்துவார்.

இதையெல்லாம் ஒரு அட்டையில் அழகாக எழுதித் தரகருக்கு அச்சடித்துக் கொடுத்திருந்தேன். என் தலையில் நானே மண் வாரிப் போட்டுக்கொண்ட காரியம் அது என்று அப்போது தெரியவில்லை.

வாங்க வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாள் பச்சை விளிம்புக் கண்ணாடி போட்டிருந்தார். எதைக் காட்டினாலும் ஒரே கேள்வி: "தூ ஸா வியேன்?" எங்கிருந்து வருகிறது? மின்சாரக் கம்பி எங்கிருந்து வருகிறது, ஜன்னல் வெளிச்சம் எங்கிருந்து, இந்தச் சத்தம் எங்கிருந்து. அண்ணி அன்றைக்கே அவருக்குத் தூசாவியம்மா என்று பெயர் வைத்துவிட்டார். கணவர் அதிகம் பேசவில்லை. விரல் முட்டியால் சுவர்களைத் தட்டிக்கொண்டே போனார். அவர் தட்டல்காரர்.

முதல் நாள் நடு அறையில் தூசாவியம்மா குனிந்து ஈரத்தைத் தொட்டார். "தூ ஸா வியேன்?"

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"தரை கழுவினப்ப பட்டதுன்னு சொல்லு," என்றான்.

"தரை காஞ்சு கிடக்கு, அண்ணா. யாரு கழுவினா?"

"சொல்லுன்னா சொல்லு. உன்னைக் கூட்டிட்டு வந்தது வாய்க்கு. மூளைக்கு இல்ல."

மொழிபெயர்க்கிறவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன். அவர் வாயாகவே பேசுவேன். அவர் பொய்யும் அவர் உண்மையும் என் வழியாகப் போகும், என்னுடையதாகாது. அன்று முதல் தடவையாக அதை மீறினேன். "இல் தீ," என்று ஆரம்பித்தேன். அவர் சொல்கிறார். அவர் சொல்கிறார், தரை கழுவியபோது பட்டதாம்.

தூசாவியம்மா என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியாக அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்குப் பிரெஞ்சு தெரியாது. முகம் படிக்கத் தெரியும்.

"என்னடி சேர்த்த?"

"எதையும் சேர்க்கல."

"அப்புறம் எதுக்கு அந்தம்மா என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாக்குது?"

இரண்டாவது தடவை அளவெடுக்க வந்தார்கள். ஈரம். மூன்றாவது தடவை பட்டியல் எழுத வந்தார்கள். ஈரம், அதே இடத்தில். அன்று இன்னொரு சண்டையும் சேர்ந்துகொண்டது. நடு அறைச் சுவரில், மார்பு உயரத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று தொங்கியது. அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கி, பிறகு தன் கையாலேயே மாட்டியது. அதை எடுத்துப் போகப் போவதாக அவன் சொன்னான். பட்டியலிலோ அது வீட்டோடு இருக்கும் பொருள்களின் பக்கம் ஏற்கெனவே ஏறியிருந்தது.

"யாரு எழுதினது?"

"நான்தான். நாலு ஸ்க்ரூ போட்டுச் சுவத்துல இறுக்கியிருக்க. அப்படி இறுக்கினதை வீட்டோட சேர்ந்ததாத்தான் அவங்க நினைப்பாங்க. நீ எடுக்கணும்னா முதல்லயே சொல்லியிருக்கணும்."

"என் அலமாரிய அவங்களுக்குத் தூக்கிக் குடுக்க நீ யாரு?"

"கத்தாத, அண்ணா. அவங்க நின்னுட்டிருக்காங்க."

"நின்னா நிக்கட்டும். அவங்களுக்கு என்ன புரியப்போகுது?"

அண்ணி வாசல் கதவில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அதை விடுங்க. உங்க தங்கச்சி நம்ம பக்கம் பேசுறாளா, அவங்க பக்கம் பேசுறாளான்னு முதல்ல கேட்டு எழுதி வாங்குங்க."

வந்தவர்கள் போன பிறகு தரகர் என்னைக் கேட் அருகே நிறுத்தினார். கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும்.

"மேடம், உங்க அண்ணன் சொல்றதை நான் நம்பணும்னு இல்ல. நம்பாம இருக்கவும் ஒரு காரணம் வேணும்ல? வியாழக்கிழமை அவங்க கடைசியா வர்றாங்க. ஒண்ணு கையெழுத்து, இல்ல டாட்டா. அன்னிக்கும் அந்தச் சுவர் நனைஞ்சிருந்தா, நான் வேற ஆளைப் பார்த்துக்குறேன்."

"நான் ஊத்தல, சார்."

"சொந்த வீட்டு வியாபாரத்தையே கெடுக்கிறவங்கன்னு பேரு வந்துட்டா, அடுத்தவன் வீட்டுக்கு உங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறது? அட்டை இருக்கு. நானே படிச்சுச் சமாளிச்சுக்குவேன். போனாத்தா, மோவேத்தா. இதென்ன பெரிய வித்தையா?"

நல்ல நிலை என்பதற்கு 'பொன்னெத்தா', கெட்ட நிலை என்பதற்கு 'மோவெஸெத்தா' என்று சொல்லவேண்டும். அவர் வாயில் முதலாவது வீட்டை விட்டுப் போன ஏதோ ஒரு ஆத்தாவாக வந்தது. நான் சிரிக்கவில்லை. என் பிழைப்பு வியாழக்கிழமை காலை ஒரு சுவரின் கையில் இருந்தது.

அன்று மாலையே அண்ணனுக்குப் போன் செய்தேன். "என் சாவியையும் நீயே வச்சுக்கோ. வியாழக்கிழமை காலையில ரெண்டு பேரும் அந்தச் சுவத்துக்கு முன்னாடி உக்காருவோம். நான் எதையும் தொட மாட்டேன். ஈரம் எங்கிருந்து வருதுன்னு கண்ணால பாரு."

"கையில பாட்டில் இருக்கான்னு பையைச் சோதிப்பேன்."

"சோதி."

சோதித்தான். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசற்படியிலேயே என் பையை வாங்கிக் கவிழ்த்தான். பேனா, பட்டியல் படிவம், அளக்கும் டேப், சீப்பு, ஒரு ஆப்பிள். அண்ணி ஆப்பிளை எடுத்து அழுத்திப் பார்த்தார். அதிலும் தண்ணீர் ஒளித்து வைத்திருப்பேன் என்று நினைத்தாரோ என்னவோ.

உள்ளே போனோம். அவனே சுவரைத் தொட்டுப் பார்த்தான், உலர்ந்திருந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டான், சாட்சிக்கு. பிறகு வெளியே போய், வாசற்படிக்குப் பக்கத்தில் இரும்பு மூடிக்குக் கீழே இருக்கும் மெயின் வால்வைத் திறந்தான். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் பழுப்புத் தண்ணீர் போய்த் தெளிகிற வரை ஓடவிட்டு மூடினான். மூன்று பேரும் சுவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தோம். நாற்காலிகளெல்லாம் ஏற்கெனவே அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டன. அண்ணி தனக்கு மட்டும் ஒரு தலையணை கொண்டுவந்திருந்தார்.

"மூணு தடிமாடுங்க சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கோம்," என்றார் அண்ணி. "யாராவது எட்டிப் பாத்தா டி.வி. கெட்டுப் போச்சுன்னு நினைப்பாங்க."

அண்ணன் சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"அப்பா படுத்துட்டு இருந்தப்ப இப்படி ஒரு மணி நேரம் அவர் முன்னாடி உக்காந்திருப்பியா நீ?"

"ஞாயித்துக்கிழமை தவறாம வந்தேன்."

"ஞாயித்துக்கிழமை! சனியும் திங்களும் அவரு என்ன ஆபீஸுக்கா போயிருந்தாரு?"

"நீ இருந்த. வீடும் உன் கையில இருந்துச்சு, அவரோட பென்ஷன் புத்தகமும் உன் கையில இருந்துச்சு. எனக்கு நீ விட்டது ஞாயித்துக்கிழமைதான்."

"வாயை மூடு."

"நீ ஆரம்பிச்ச."

"ஏங்க," என்றார் அண்ணி.

"நீ சும்மா இரு."

"ஏங்க, சுவத்தைப் பாருங்க."

சுவரில் நீர் சொட்டாது. பூச்சு தண்ணீரை உறிஞ்சும்போது முதலில் நிறம்தான் மாறும், காகிதத்தில் எண்ணெய் ஊறுவதுபோல. டைல்ஸ் விளிம்புக்கு மேலே ஒரு நாணய அளவுக்குச் சாம்பல் படர்ந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இரண்டு நாணயமானது. மணி ஏழு பத்து.

அண்ணன் எழுந்து போய்த் தொட்டான். விரலை முகர்ந்தான். திரும்பினான்.

"முன்னாடியே ஏதோ பண்ணி வச்சிருக்க."

அவன் பேசியது என் காதிலேயே விழவில்லை. கடைசியில் அந்த ஈரம் என் கண் முன்னால் வந்திருந்தது. இனி அதனிடம் கேள்வி கேட்கலாம். ஆறு மணிக்கு உலர்ந்திருந்த சுவர் ஏழு பத்துக்கு நனைந்தது. இடையில் இந்த வீட்டில் மாறியது என்ன? நாங்கள் வந்தோம், உட்கார்ந்தோம், சண்டை போட்டோம். இவை எதுவும் சுவரை நனைக்காது. இன்னும் ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது.

"வால்வை மூடு, அண்ணா."

"எனக்கு நீ அதிகாரம் பண்ணாத."

"நான் மூடித் தொலைக்கிறேன்," என்று அண்ணி எழுந்து போனார். "ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுங்க."

ஈரத்தின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டேன். வால்வு மூடியிருந்த அரை மணி நேரம் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. மறுபடி திறக்கச் சொன்னேன். பத்தே நிமிடத்தில் கோட்டுக்குக் கீழே டைல்ஸ் மேல் ஒரு துளி உருண்டது. அப்படியானால் சுவருக்குள் குழாய் இருக்கிறது, குழாயில் ஓட்டை இருக்கிறது. யாரும் ஊற்றவில்லை, வீடே ஊற்றியது.

இந்த இடத்தில் என் தவறையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போனதிலிருந்து காலி வீடென்று அண்ணன் வால்வை மூடியே வைத்திருந்தான். ஆள் வரும் நாள் காலையில் தண்ணீரைத் திறந்து ஓடவிடுங்கள், குழாய் தெளிவாக வரும் என்று விற்பவர்களுக்கு அட்டையின் பின்புறம் அறிவுரை எழுதியது நான். தரகர் அதை அவனுக்குப் படித்துக் காட்டியிருந்தார். அவன் வார்த்தை பிசகாமல் செய்தான். நாள் பார்த்து ஈரம் வந்தது அதனால்தான்.

"இந்தச் சுவத்துல குழாயே இல்ல," என்றான் அண்ணன்.

டேப்பை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தொட்டிக்கு மேலே குழாய் தரையிலிருந்து மூன்றரை அடி. குளியலறைக்குப் போனேன். அங்கேயும் மூன்றரை அடி. வீட்டின் ஒரு கோடியில் குளியலறை, மறு கோடியில் சமையலறை, இரண்டையும் இணைப்பது இந்த நீளச் சுவர். குழாய் பதிக்கிறவர்கள் சுற்றி வளைப்பதில்லை. மட்டம் பிடித்து ஒரே உயரத்தில் நேராகக் கொண்டுபோவார்கள்.

"அண்ணி, சமையலறைக்குத் தண்ணி எப்ப வந்துச்சு?"

"நான் கல்யாணம் பண்ணி வந்த மறு வருஷம். நீ அப்ப பிரெஞ்சு படிக்கிறேன்னு வெளியூர்ல உக்காந்திருந்த. சுவத்தைக் கொத்தி, குழாயை உள்ள வச்சு, மேல பூசி விட்டாங்க. ஒரு வாரம் மெயினையே மூடிட்டாங்க. பக்கத்து வீட்டுலேருந்து குடம் குடமா நான்தான் தூக்கிட்டு வந்தேன். இவருக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப் போகுது?"

"அலமாரி எப்ப மாட்டினது?"

"அதே வாரந்தான்," என்றான் அண்ணன், கேட்டதற்குப் பெருமையாகவே. "பிளம்பர்கிட்ட டிரில் இருந்துச்சு. மத்தியானம் அவன் சாப்பிடப் போனப்ப எடுத்து நானே..."

நிறுத்திக்கொண்டான்.

அலமாரியின் கீழ் ஸ்க்ரூக்களை அளந்தேன். தரையிலிருந்து மூன்றரை அடி. கண்ணாடிக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். நான்கு தலைகளில் மூன்று பளிச்சென்று இருந்தன. கீழே இடது பக்கத்து ஸ்க்ரூவின் தலை பழுப்பேறி, அதிலிருந்து ஒரு துருக்கோடு கண்ணீர் மாதிரி வழிந்து காய்ந்திருந்தது.

"அதுல கை வைக்காத!"

"நான் வைக்கல. நீயும் வைக்காத. முதல்ல வால்வை மூடணும்."

"என் ஸ்க்ரூ மேல பழி போடுறியா? பன்னெண்டு வருஷமா நிக்குது. குழாயில ஓட்டை போட்டிருந்தா அன்னிக்கே பீச்சி அடிச்சிருக்காதா? அறிவு இருந்தா யோசி."

"அண்ணா, வால்வை மூடிட்டு..."

"இப்பவே காட்டுறேன். இதுல என்ன வருதுன்னு பாரு."

வண்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தான். இரண்டு திருகு திருகினான், ஸ்க்ரூ நகரவில்லை. மூன்றாவது திருகில் இளகியது. வெற்றியோடு என்னைத் திரும்பிப் பார்த்தபடியே அதை உருவினான். அப்படித் திரும்பியிருந்ததால் தண்ணீர் முகத்தில் அடிக்காமல் நேரே காதுக்குள் அடித்தது.

நான் வாசலுக்கு ஓடினேன். மூடியைத் தூக்கி வால்வைத் திருகி நிமிர்ந்தபோது கேட் அருகே தரகரின் கார் நின்றது. ஒன்பது மணிக்கு வரவேண்டியவர்கள் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

நடு அறையில் தண்ணீர் தேங்கி நின்றது. அண்ணி தலையணையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் திண்டில் ஏறியிருந்தார். அண்ணன் தலையிலிருந்து இடுப்பு வரை நனைந்து நின்றான்.

"பாருங்க, சார்!" என்றான் தரகரிடம். "வீட்டையே உடைச்சுட்டா!"

தரகர் என் கையைப் பார்த்தார். காலி. அண்ணன் கையைப் பார்த்தார். ஒன்றில் ஸ்க்ரூடிரைவர், ஒன்றில் ஸ்க்ரூ. தன் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"தூ ஸா வியேன்?" என்றார் தூசாவியம்மா.

நான்கு வருகையில் முதல் தடவையாக என்னிடம் பதில் இருந்தது. யாருடைய வாயாகவும் இல்லாமல் நானே பேசினேன். கசிவுக்கு 'ஃபுயித்' என்று பெயர், அதிலிருந்து தொடங்கினேன். சுவருக்குள் குழாய் போகிறது. அது காலியாக இருந்த வாரத்தில் டிரில் அதைத் துளைத்தது. தண்ணீர் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. துளைத்த ஓட்டையிலேயே ஸ்க்ரூவும் இறுகியதால் அதுவே தக்கையாகிவிட்டது. குழாய் எப்போதும் நிறைந்திருந்த வரை அது தாங்கியது. போன வருடத்திலிருந்து வால்வை மூடி மூடித் திறக்க, இரும்பு நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து அரித்துப் போனது. பூச்சுக்குள் இறங்கிய தண்ணீர் டைல்ஸின் சிமென்ட் விளிம்பில் தடுக்கப்பட்டு, அங்கே வெளியே தலை காட்டியது.

தட்டல்காரர் அண்ணன் கையிலிருந்து ஸ்க்ரூவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். முனைப்பகுதி அரித்து ஈர்க்குச்சி மாதிரி இருந்தது. சுவரைக் காட்டி, யார் செய்த வேலை என்று கேட்டார். அண்ணனிடம் மொழிபெயர்த்தேன்.

"சொல்லாத," என்றான் அண்ணன்.

"சொல்லாதே," என்று அவன் வாயாகவே பிரெஞ்சில் சொன்னேன். வழக்கம் வழக்கம்தான்.

தட்டல்காரரின் மீசை ஒரு பக்கமாக அசைந்தது. தூசாவியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை நாள் தரை கழுவிய தண்ணீர் என்று தன்னிடம் சொன்னவனைப் பார்த்துக்கொண்டே அடுக்கினார்: ஓட்டை இருக்கிறதென்று எழுத்தில் வேண்டும், திங்கட்கிழமைக்குள் சரி செய்யவேண்டும், அந்த அலமாரியைத் தயவுசெய்து அவரே எடுத்துக்கொண்டு போகட்டும். அப்படியானால் கையெழுத்து. ஒவ்வொன்றாக மாற்றிச் சொன்னேன். அலமாரி கிடைத்ததற்கு அண்ணனின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"சந்தோஷமா உனக்கு?" என்றான் என்னிடம். "எல்லார் முன்னாடியும் என்னை முட்டாளாக்கிட்ட. இனிமே அண்ணன்னு சொல்லிக்கிட்டு என் வீட்டு வாசல் மிதிக்காத."

"நான் மூடுன்னு சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

"போடி."

அண்ணி ஜன்னல் திண்டிலிருந்து இறங்கி, அவனுக்குத் துண்டு தேடினார். அங்கே ஒன்றும் இல்லை. தலையணை உறையைக் கழற்றிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

தரகர் காலணியைப் போட்டுக்கொண்டே, அதே இறங்கிய குரலில் சொன்னார்: "திங்கக்கிழமை ரெண்டு வீடு இருக்கு, மேடம். ஒன்பது மணி. லேட் பண்ணாதீங்க." மன்னிப்பு என்று ஒரு சொல் அவரிடம் இல்லை. இரண்டு வீடு இருந்தது, எனக்கு அது போதும்.

படிவத்தை ஜன்னல் திண்டில் வைத்து, நிலை என்ற கட்டத்தில் பிரெஞ்சில் எழுதினேன். தூசாவியம்மா ஒவ்வொரு வரியாகப் படித்து, ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போட்டார். தமிழில் அது இது:

நடு அறைச் சுவருக்குள், தரையிலிருந்து மூன்றரை அடியில் போகும் தண்ணீர்க் குழாயில் ஒரு ஸ்க்ரூ ஓட்டை உள்ளது. மெயின் வால்வு திறந்திருக்கும்போது மட்டும் கசியும். வேலை முடியும் வரை வால்வு மூடியிருக்கும். பழைய குழாயைக் குளியலறை முனையிலும் சமையலறை முனையிலும் வெட்டி அடைத்துவிடவேண்டும். சுவரை உடைக்கத் தேவையில்லை. புதிய குழாய் சுவருக்கு வெளியே, டைல்ஸ் விளிம்பை ஒட்டி, கண்ணுக்குத் தெரியும்படி போகவேண்டும்.